ஒன்பது மணிச் சொட்டு

மருந்துக் கடைக்குக் குழாய்க்காரர் தர வேண்டிய பாக்கி இரண்டாயிரத்து நூற்று எண்பத்தைந்து ரூபாய். கடைக்காரர் அதை நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்து, நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

“மாசம் ஒரு பாட்டில் காசு குடுத்து வாங்குறீங்க. சரி. அதுக்கு மேல மூணு மாசத்துல அஞ்சு பாட்டில் கடன். முப்பது வருஷமா கடை நடத்துறேன். ஒரு பாட்டில் ஒரு மாசம் வரும். நீங்க கண்ணுக்குத்தான் விடுறீங்களா, இல்ல குளிக்கிறீங்களா?”

“கண்ணுக்குத்தான் விடுறேன். அது கண்ணுக்குப் போக மாட்டேங்குது.”

“பின்ன எங்க போகுது?”

குழாய்க்காரர் விரலால் இடம் இடமாகத் தொட்டுக் காட்டினார். “இங்க கன்னம். இங்க காது. இங்க காலர். முந்தாநாள் ஒரு சொட்டு நேரா வாய்க்குள்ள.”

“ருசி எப்படி?”

“சொல்லிக்கிற மாதிரி இல்ல.”

கடைக்காரர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். “சிரிக்கிற விஷயமில்ல. வீட்டம்மாவ விடச் சொல்லுங்க.”

“அவ இங்க இல்ல.”

“எப்ப வருவாங்க?”

“அவ வர்ற வரைக்கும் கண்ணு இருக்கணும்னுதான் இத விடுறேன்,” என்று சொல்லிவிட்டு ஆறாவது பாட்டிலைக் கேட்கக் கூச்சப்பட்டு, குழாய்க்காரர் ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். வாசல் நிலையில் இடது தோள் இடித்தது. அந்த நிலை அங்கேதான் எப்போதும் இருந்தது.

இந்தத் தோள் இடிப்பதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. முப்பத்திரண்டு வருடம் குழாய் வேலை பார்த்தவர். இருட்டுத் தொட்டிக்குள் கையை விட்டே எது குளிர்ந்த தண்ணீர் லைன், எது வெந்நீர் லைன் என்று சொல்லக்கூடியவர். அப்படிப்பட்டவர் சில மாதங்களாகக் கதவுகளை இடித்தார், வாளிகளை உதைத்தார், ஏணியில் இல்லாத படியில் கால் வைத்தார். வலி கிடையாது, எரிச்சல் கிடையாது. கண் ஆஸ்பத்திரியில் சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தும் காட்டினார். கல்யாணத்துக்குப் பிறகு மனைவி கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்த எழுத்துகள் அவை. ஒன்றைத் தவறாகச் சொன்னாலும் அவளுக்கு அவமானம் என்று ஒவ்வொன்றையும் சத்தமாகவே சொன்னார்.

“எழுத்து நல்லாத் தெரியுது. நடுப் பார்வை கடைசியிலதான் போகும். உங்களுக்கு ஓரப் பார்வை போயிட்டிருக்கு,” என்றார் கண் டாக்டர் அம்மா. “கண்ணுக்குள்ள பிரஷர் வலது முப்பத்தொன்னு, இடது முப்பது. பத்துலேர்ந்து இருபதுக்குள்ள இருக்கணும்.”

“என்னம்மா பிரஷர்?”

“கண்ணுக்குள்ள தண்ணி மாதிரி ஒன்னு எந்நேரமும் ஊறும். கண்ணீர் இல்ல, அது வேற. இது உள்ளேயே ஊறி, ஓரத்துல இருக்குற சல்லடை வழியா வடிஞ்சு போயிடும். உங்களுக்கு அந்தச் சல்லடை அடைச்சுக்கிச்சு. வர்றது வருது, போறது சரியாப் போகல. உள்ள அழுத்தம் ஏறி, பின்னாடி இருக்குற நரம்ப நசுக்குது.”

குழாய்க்காரர் மேஜை மேல் விரலால் லைனை வரைந்து பார்த்தார். “ஓவர்ஃப்ளோ பைப் வைக்கலையா?”

“யாரு?”

“கட்டினவரு.”

டாக்டர் அம்மா சிரித்துவிட்டார். பிறகு மேஜை மேல் ஒரு சின்ன பாட்டிலை வைத்தார். “இந்தச் சொட்டு அடைப்ப எடுக்காது. சல்லடைக்குப் பின்னாடி, தசை இடுக்கு வழியா இன்னொரு சின்ன வடிகால் எல்லாருக்கும் உண்டு. அத நல்லாத் திறந்து விடும். ராத்திரி ஒன்பது மணிக்கு ரெண்டு கண்ணுலயும் ஒவ்வொரு சொட்டு. மறுநாள் ஒன்பது வரைக்கும் வடிஞ்சுக்கிட்டே இருக்கும். நேரம் மாறக் கூடாது. ஊறுறதையே குறைக்கிற மருந்தும் இருக்கு. ஆனா அது நாடித் துடிப்பக் குறைக்கும். உங்களுக்கு ஏற்கெனவே மெதுவாத்தான் துடிக்குது, அது வேணாம்.”

“அதாவது அது மேல வால்வ மூடுறது. இது கீழ லைனத் திறந்து விடுறது.”

“படிச்சவங்களுக்கு இத அரை மணி நேரம் சொல்லணும்,” என்றார் டாக்டர் அம்மா. “விட்டதும் கண்ண மூடி, மூக்கோரம் விரலால அழுத்திக்கிட்டு ரெண்டு நிமிஷம் இருங்க. இல்லன்னா மருந்து மூக்கு வழியாத் தொண்டைக்கு இறங்கிடும்.”

“கண்ணுலேர்ந்து தொண்டைக்கு லைன் போகுதா!”

“போகுது.”

இத்தனை வருடம் இந்த உடம்பில் குடியிருந்தும் இது தெரியவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. எழுந்திருக்கும்போதுதான் கேட்டார். “போன பார்வை?”

“போனது போனதுதான். மிச்சத்தக் காப்பாத்தத்தான் மருந்து.”

அன்று மாலை வீட்டுக்கு வந்து ஒரு காரியம் செய்தார். மனைவியின் போட்டோவைச் சுவரில் மாட்டி, எட்டடி தள்ளி நின்று, ஓரம் சுருங்கிக்கொண்டே போனால் அவள் எவ்வளவு மிஞ்சுவாள் என்று பையிலிருந்த பைப் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கண்ணில் வைத்துப் பார்த்தார். இரண்டு அங்குல பைப்பில் அவள் முழுசாகத் தெரிந்தாள். ஒரு அங்குலத்தில் முகம் மட்டும். அரை அங்குலத்தில் இடது கன்னத்து மச்சமும் கொஞ்சம் மூக்கும். அரை அங்குலத்தைத்தான் நெடுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். மச்சம் தெரிந்தால் போதும், ஆள் அவள்தான் என்று தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டார். மச்சமும் தெரியாவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அவரிடம் கணக்கு இல்லை.

மனைவி ஒரு ராத்திரிப் பயணத் தொலைவில், ஒரு கல்லூரி விடுதியில் சமையல் வேலையில் இருந்தாள். இரண்டு வருட ஒப்பந்தம். இரண்டு வருடம் முழுசாக முடித்தால் மொத்தமாக ஒரு தொகை கையில் வரும். அதை வைத்துப் பாதியில் நிற்கும் வீட்டுக்குக் கூரை போட வேண்டும். கூரை இல்லாத அந்த வீட்டில் குழாய் வேலை மட்டும் எப்போதோ முடிந்திருந்தது. மழை பெய்தால் தண்ணீர் தாராளமாக உள்ளே வந்து, முறைப்படி வடிகால் வழியாக வெளியே போனது. ஒரு குறை சொல்ல முடியாது.

கண் விஷயம் தெரிந்தால் அவள் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள். கூரை போய்விடும். அதனால் குழாய்க்காரர் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது சுலபம் என்று நினைத்தார்.

தினமும் எட்டரைக்கு அவள் போனில் முகம் காட்டுவாள். பரிமாறி முடித்து, மொட்டை மாடிக்கு வந்து, தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டு பேசுவாள். அவர் அவள் முகத்தைப் பார்ப்பார், பின்னால் தொட்டியில் ஒழுகும் வாஷரையும் பார்ப்பார். அந்த வாஷரை மாற்றவாவது ஒரு நாள் அங்கே போக வேண்டும் என்று அவருக்கு ஆசை.

முதல் வருடம் பத்து, பத்தரை வரைக்கும் பேசினார்கள். ஏழெட்டு மாதங்களாக அவள் சரியாக ஒன்பதுக்கு முடித்துக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். “சரிங்க, பாத்திரம் கெடக்கு, வெக்கிறேன்.” முன்பெல்லாம் அந்தப் பாத்திரம் எங்கே கிடந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. மனசுக்குள் ஒரு முள் இருந்தது. ஆனால் மருந்து வந்தபின் ஒன்பது மணி அவருக்கும் வசதியாகப் போயிற்று. “நானும் மோட்டார் போடணும்,” என்பார். அவர் குடியிருந்த வாடகை அறைக்கு மோட்டாரே கிடையாது.

போனை வைத்துவிட்டு மருந்து எடுக்கப் போவார். வெயில் காலத்தில் குளிர்ச்சியில் வைக்க வேண்டிய மருந்து அது. அவரிடம் ஃபிரிட்ஜ் இல்லாததால் பாட்டில் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவின் ஃபிரிட்ஜில், முட்டைகளுக்கு நடுவே இருந்தது. வாங்கி வந்து, மல்லாந்து படுத்து, பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, குறி பார்த்து அழுத்துவார். சொட்டு கிளம்பும் நேரத்தில் கண் தானாக மூடிக்கொள்ளும். முப்பத்திரண்டு வருடமாக மேலேயிருந்து எது சொட்டினாலும் கண்ணை மூடிப் பழகிய தொழில். வலது கண்ணுக்கு மூன்றாவது முயற்சியில் விழும். இடது கண்ணுக்கு எட்டாவதில், விழுந்த மாதிரி இருக்கும்.

பிறகு மூக்கோரம் விரல். இரண்டு நிமிடம் இருட்டு. அந்த இரண்டு நிமிடத்தில் போட்டோவும் போனும் இல்லாமலே அவள் வருவாள். ஓரம் எதுவும் வெட்டுப்படாமல், முழுசாக, கொஞ்சம் அதட்டிக்கொண்டே வருவாள். சில நாள் இரண்டு நிமிடத்தை ஐந்தாக்கினார்.

மூன்றாவது மாதத்தில் வேறொரு வம்பு வந்தது.

“என்னங்க இது, உங்க ஒரு கண்ணு மட்டும் கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்கு?” என்றாள் மனைவி போனில்.

குழாய்க்காரர் கண்ணாடியைத் தேடிப் பார்த்தார். உண்மைதான். வலது கண் இமை முடி கறுத்து, நீண்டு, வளைந்து நின்றது. இடது கண் பழைய குழாய்க்காரர் கண்ணாகவே இருந்தது.

“சிமெண்டுத் தூசி.”

“தூசி பட்டா முடி வளருமா?”

“எனக்கு வளருது.”

“ஒரு கண்ணுல மட்டும்?”

“அந்தப் பக்கம்தான் சிமெண்டு இருந்துச்சு.” பேச்சை மாற்ற வேண்டும் என்று அவசரத்தில், மனசில் இருந்ததை எடுத்துப் போட்டார். “நீ மட்டும் என்ன? வீட்டுல இருந்தவரைக்கும் மை டப்பாவத் தொட்டதில்ல. இப்ப தினமும் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்க?”

அவள் முகத்தைத் தொட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “ஆமா, தீட்டுறேன். தீட்டினா என்ன?”

“ஒன்னுமில்ல. நல்லாத்தான் இருக்கு.”

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவருக்குப் பிரச்சினை. ஐம்பத்திரண்டு வயதில், சமையல்கட்டுப் புகையில் நின்றுகொண்டு, அவள் கல்யாணமான புதிதில் இருந்ததைவிடப் பெரிய கண்களோடு பார்த்தாள். யாருக்காக என்று கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. பாத்திரம் யாருடையது என்றும் கேட்கவில்லை.

தன் பக்கத்து வம்பையாவது ஒழிக்கலாம் என்று மறுநாள் மீசை வெட்டும் கத்தரியால் வலது கண் இமை முடியைக் கத்தரித்தார். குட்டையான முடி கண்ணிமைக்கும்போதெல்லாம் குத்தியது. எட்டரைக்குப் போன் வந்தபோது வலது கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் ஓடியது.

“ஏங்க அழறீங்க?”

“அழல.”

“பின்ன என்ன இது?”

சிமெண்டை நேற்றே செலவழித்துவிட்டார். வேறு வழி தெரியாமல், “உன்னப் பாத்ததும்…” என்று இழுத்தார். ஆரம்பத்தில் அது பொய்யாகத்தான் இருந்தது. சொல்லி முடிப்பதற்குள் இடது கண்ணும் சேர்ந்துகொண்டது.

அவளும் அழ ஆரம்பித்தாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் அரை மணி நேரம் அழுதார்கள். சரியாக ஒன்பது மணிக்கு இரண்டு பேரும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “சரி, வெக்கிறேன்,” “சரி, மோட்டார் போடணும்,” என்று முடித்துக்கொண்டார்கள்.

அந்த வாரம் டாக்டர் அம்மா பிரஷர் பார்த்தார். “வலது பதினேழு. அருமை. இடது இருபத்தொன்பது. இடது கண்ணுக்கு மருந்து போகவே இல்ல. இந்த மருந்துக்கு இமை முடி வளரும், அதப் பாத்தே யாரு ஒழுங்கா விடுறாங்கன்னு சொல்லிடுவேன். ஆமா, வலது இமை முடி எங்க?”

“வெட்டிட்டேன்.”

“எதுக்கு?”

“வீட்டுல சந்தேகப்படுறாங்க.”

டாக்டர் அம்மா பேனாவை மூடி வைத்தார். “ஒரு மாசம் தர்றேன். இடது குறையலன்னா ஆபரேஷன்தான். வீட்டுலேர்ந்து ஒருத்தர் வந்து கையெழுத்துப் போடணும்.”

வீட்டிலிருந்து ஒருத்தர் என்றால் ஒரே ஒருத்தர்தான் இருந்தாள்.

குறி தப்புகிறது, கண் மூடுகிறது. இதற்கு மனுஷக் கையை நம்பக் கூடாது, ஃபிட்டிங்தான் வேண்டும் என்று குழாய்க்காரர் முடிவு செய்தார். ஒன்றரை அங்குல பைப்பில் இரண்டு விரல்கடை வெட்டி, கண் குழியில் உட்காரும்படி ஓரத்தைத் தேய்த்தார். மேலே, பெரிய பைப்பைச் சின்ன வாயாகக் குறைக்கும் ரெடியூசர் ஒன்று. அதில் மருந்து பாட்டில் தலைகீழாக. கசிவு இருக்கக் கூடாது என்று டெஃப்லான் டேப்பைப் பதினைந்து சுற்று சுற்றி, பாட்டிலை இறுக்கித் திருகினார். அவர் போட்ட ஜாயிண்ட் எதுவும் இதுவரை கசிந்ததில்லை.

காலி மருந்து பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வைத்துச் சோதித்தபோது சொட்டு சொட்டாக அழகாக விழுந்தது. அது வேறு பாட்டில், லேசாக மாட்டியிருந்தது. மருந்து பாட்டில் திருகிய இறுக்கத்தில் உள்ளேயே பிதுங்கியிருந்தது. கண்ணில் வைத்து லேசாகத் தொட்டார். ஒரு மாத மருந்து ஒரே நொடியில் இறங்கியது. இடது கண், மூக்கு, தொண்டை என்று டாக்டர் அம்மா சொன்ன லைன் முழுவதும் வேலை செய்வது அவருக்கு அன்றுதான் நிச்சயமாகத் தெரிந்தது.

“இரண்டாயிரத்து அறுநூற்று இருபத்திரண்டு,” என்று எழுதினார் மருந்துக் கடைக்காரர். “யாரையாவது விடச் சொல்லுங்க. கெஞ்சிக் கேக்குறேன்.”

அன்றைக்குத்தான் குழாய்க்காரர் தையல்காரம்மாவிடம் வாய் திறந்தார்.

“இத மொதல்லயே சொல்லக் கூடாதா அண்ணே? மூணு மாசமா முட்டைக்குப் பக்கத்துல வெச்சு எடுத்துட்டுப் போறீங்க, நான் ஏதோ உங்க பைப்புக்கு ஒட்டுற பசைன்னு நெனச்சேன்,” என்றாள் அவள். நாள் முழுக்க ஊசியில் நூல் கோக்கிற கை. நாற்காலியில் அவரை உட்கார வைத்து, பின்னால் நின்று, கீழ் இமையை ஒரு விரலால் இழுத்து, ஒரு சொட்டு. மறுபக்கம் ஒரு சொட்டு. ஒரு துளி வீணாகவில்லை. குழாய்க்காரருக்கு அவளை மேஸ்திரி என்று கூப்பிட வேண்டும் போலிருந்தது.

மாதக் கடைசியில் இரண்டு கண்ணும் பதினெட்டு. டாக்டர் அம்மா கையெழுத்துப் பேச்சை எடுக்கவே இல்லை. ஆனால் இப்போது இரண்டு கண் இமை முடியும் வளர்ந்துவிட்டது. வேலை நடக்கும் இடத்தில் கொத்தனார்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். “என்னண்ணே, பொண்ணு பாக்கப் போறீங்களா, இல்ல உங்களப் பாக்க வர்றாங்களா?” மனைவியிடம் போன் கேமரா கெட்டுவிட்டது, வெளிச்சம் சரியில்லை என்று சொல்லி, விளக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேசினார். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கறுப்புத் தலை. அவளும் சில நாளாக விளக்கில்லாத மூலையில் நின்றுதான் பேசினாள். இரண்டு நிழல்கள் தினமும் அரை மணி நேரம் பேசிக்கொண்டன.

ஒப்பந்தம் முடிய ஐந்து வாரம் இருந்தது. அன்று எட்டு ஐம்பத்தேழுக்கே அவள் போனை வைத்துவிட்டாள். தையல்காரம்மா வந்து, நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். குழாய்க்காரர் தலையைச் சாய்த்தார். மனைவி எதையோ சொல்ல மறந்துபோய் மறுபடி கூப்பிட்டிருக்கிறாள். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அதை அடக்க நினைத்துப் பையின் மேலாகவே அழுத்தினார். எதை அழுத்தினாரோ, இணைப்பு கிடைத்துவிட்டது.

அந்தப் பக்கம் மனைவி கேட்டது இவ்வளவுதான்.

“கண்ண மூடாதீங்க. மேல என்னையே பாருங்க. அசையாம இருந்தாத்தானே… ம், இப்படித்தான். ஐய, கன்னத்துல வழியுது பாருங்க. இருங்க, நானே தொடைக்கிறேன்.”

“போதுமா?” இது குழாய்க்காரர் குரல்.

“இன்னிக்கு இது போதும். நாளைக்கும் இதே நேரம்தானே?”

சட்டைப் பை பேசியது. “யாரது?”

தையல்காரம்மா அலறிக்கொண்டு பாட்டிலைக் கீழே போட்டாள். குழாய்க்காரர் குதித்து எழுந்து அதன் மேலேயே நின்றார். பாட்டில் நசுங்கியது. நோட்டில் இனி ஏழாவது கடன்.

“யாருன்னு கேட்டேன்.”

“தையல்காரம்மா… பக்கத்து வீடு…”

“இந்நேரத்துல என்ன செய்றாங்க?”

“அளவு எடுத்தாங்க.”

“கண்ணுக்கா?”

குழாய்க்காரர் போனைப் பையிலிருந்து உருவி எடுத்தார். தையல்காரம்மா போனைப் பிடுங்கி, “அண்ணி, நான் சொல்றத…” என்று ஆரம்பித்தாள். அதற்குள் அந்தப் பக்கம் மணி ஒன்பதாகியிருக்க வேண்டும். “நாளைக்கு ராத்திரி பஸ் ஏறுறேன்,” என்று ஒரு குரல் சொன்னது. அவ்வளவுதான்.

அன்று ராத்திரியும் மறுநாளும் குழாய்க்காரர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கூரை போச்சே என்று ஒரு பக்கம். மானம் போச்சே என்று ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில், வெட்கமே இல்லாமல், அவள் வருகிறாள், அவள் வருகிறாள் என்று ஒரு சந்தோஷம் குழாயில் காற்று அடைத்த மாதிரி தடதடத்துக்கொண்டிருந்தது. தலைக்குச் சாயம் போடலாமா என்றுகூட யோசித்தார். இமையே போதும் என்று விட்டுவிட்டார்.

விடியும் நேரம் பஸ் வந்து நின்றது. அவள் இறங்கினாள். இருபத்திரண்டு மாதம் கழித்து அவள் உள்ளங்கை அளவுப் போனில் அடங்காமல், காலிலிருந்து தலை வரைக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தாள். குழாய்க்காரர் ஓரங்களைச் சரிபார்த்தார். கொஞ்சம் தலையைத் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பினால் எல்லாம் இருந்தது. மச்சம் இருந்தது. கண்கள் சிவந்திருந்தன. வழியெல்லாம் அழுதிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

அவள் அவர் கண்ணையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“பையக் குடு.”

துணிப் பையைக் கொடுத்தாள். மார்போடு அணைத்திருந்த சின்ன ஃபிளாஸ்க்கை மட்டும் கொடுக்கவில்லை.

“அதையும் குடு, நான் கொண்டு வர்றேன்.”

“இது என்கிட்டயே இருக்கட்டும்.”

ஒரு ஃபிளாஸ்க்குக்குக்கூட நம்ப மாட்டேன் என்கிறாளே என்று நினைத்துக்கொண்டே அவர் துணிப் பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார்.

“நாலு நாள் லீவு சொல்லிட்டு வந்திருக்கேன்,” என்றாள். “நாலு நாளா, ஒரேயடியாவான்னு நீங்க சொல்லப்போறதுலதான் இருக்கு. சொல்லுங்க.”

நடந்துகொண்டே சொன்னார். தோள் இடித்தது, சல்லடை அடைத்தது, பின்பக்க வடிகால், காலர் குடித்த மருந்து, சிமெண்டு, கத்தரி, ரெடியூசர், எல்லாவற்றையும் சொன்னார். அவள் கத்துவாள் என்று ஒவ்வொரு மூலையிலும் எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. நடுவில் இரண்டே கேள்விதான் கேட்டாள்.

“பிரஷர் இப்ப எவ்வளவு?”

“ரெண்டும் பதினெட்டு.”

“இடதுல குறி தப்பிட்டே இருந்துச்சா?”

“ஆமா.”

“இடதுதான் தப்பும்,” என்றாள் அவள், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

இவ்வளவு அமைதி அவருக்கு நல்ல அறிகுறியாகப் படவில்லை. நம்பவில்லை, அதனால்தான் கோபம்கூட வரவில்லை என்று தோன்றியது. “என்ன நம்ப வேணாம். அவரு நோட்டுல இருக்கு, நாள் தேதியோட இருக்கு, வா,” என்று அவளை நேராக மருந்துக் கடைக்கு அழைத்துப் போனார். அப்போதுதான் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். வாசல் நிலைக்கு முன்னால், அவர் இடிப்பதற்குள், மனைவி அவர் இடது கையைப் பிடித்து ஓரமாக இழுத்துவிட்டாள். இருபத்திரண்டு மாதத்தில் அவரைத் தொட்ட முதல் மனுஷக் கை போல இருந்தது. தையல்காரம்மாவின் விரலை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

“இவதான் என் வீட்டுக்காரி,” என்றார் குழாய்க்காரர். “நீங்களே சொல்லுங்க. எனக்கு எத்தனை பாட்டில், எதுக்குன்னு சொல்லுங்க.”

கடைக்காரர் நோட்டைத் திறந்து, ஏழு பாட்டிலையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். ரெடியூசர் கதையைத் தானே சேர்த்துச் சொன்னார். “மொத்தம் மூவாயிரத்து ஐம்பத்தொன்பது. உங்க வீட்டுக்காரரு கண்ணுக்கு விட்டதவிட சட்டைக்கு விட்டதுதான் அதிகம். வேற தப்பு ஒன்னும் பண்ணலம்மா.”

மனைவி ஃபிளாஸ்க்கைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எண்ணி வைத்தாள். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதன்முறையாகக் கடைக்காரரை நிமிர்ந்து பார்த்தாள்.

கடைக்காரர் நோட்டில் எல்லா வரியையும் குறுக்கே அடித்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார், ஃபிளாஸ்க்கைப் பார்த்தார், மறுபடி அவளை, துடைத்தும் கறுப்பு அழியாமல் நீண்டு வளைந்து நின்ற இமை முடியைப் பார்த்தார்.

“கணக்கு முடிஞ்சுதும்மா, அந்த ஃபிளாஸ்க்குல ஐஸ் உருகியிருக்கும், பாட்டில இப்படிக் குடுங்க, ஃபிரிட்ஜுல வெக்கிறேன். ராத்திரி ஒன்பதுக்கு நீங்களும் எத்தனை மாசமா விடுறீங்க, எட்டு இருக்குமா?”